மேலே ஊருக்கு, கீழே நமக்கு

1873 மே 20 அன்று அமெரிக்காவில் 139,121 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை பதிவானது. பெற்றவர்கள் இருவர். ஒருவர் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற சின்ன ஊரின் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ். மற்றவர் அவருக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோ வியாபாரி லெவி ஸ்ட்ராஸ். ஜீன்ஸின் பிறந்தநாள் என்று இன்று சொல்லப்படுவது இந்த நாள்தான். ஆனால் அந்தக் காப்புரிமை பேசுவது நீல நிறத்தைப் பற்றியோ ஸ்டைலைப் பற்றியோ அல்ல. பையைப் பற்றி. உழைப்பாளியின் கால்சட்டையில் பையின் ஓரம் சீக்கிரம் கிழிந்துவிடுகிறது, அந்த இடத்தில் உலோக ரிவெட் அடித்தால் கிழியாது. விஷயம் அவ்வளவுதான்.

இரண்டே வருடம் கழித்து, 1875இல், பிரிட்டன் ஒரு வெடிபொருள் சட்டம் போட்டது. தொழிற்சாலைக்குள் தீக்குச்சி போன்ற எதுவும் போய்விடாமலிருக்க அந்தச் சட்டம் சொன்ன வழிகளில் ஒன்று: தொழிலாளியின் வேலையுடையில் பை இருக்கக் கூடாது. காலனி அரசு அதே வழியில் 1884இல் இந்தியாவுக்கும் வெடிபொருள் சட்டம் கொண்டுவந்தது. 1940இல் விதிகள் வந்தன. சிவகாசிப் பட்டாசுத் தொழில் வளர்ந்தது இந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

ஒரே காலம், இரண்டு உழைப்பாளிகள். ஒருவருடைய பையை இரும்பாக்கியது தொழில். இன்னொருவருடைய பையையே எடுத்துவிட்டது.

நான் வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரன். சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். வாரக்கடைசியில் ஜீன்ஸுக்கு மேல் பிளேசர் போடுவது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகள் என் கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: ஜீன்ஸ் உழைப்பாளியின் உடை, அதனால்தான் அது கோட்டின் விறைப்பைத் தளர்த்துகிறது. அமெரிக்காவைப் பொறுத்தவரை அது சரி. எங்கள் ஊரில் ஜீன்ஸ் ஒருநாளும் வேலையுடையாக இருந்ததில்லை. பருத்தி என்பதால் நிலைமின்சார பயம் குறைவு, உண்மைதான். ஆனால் அதில் ஐந்து பைகள், செம்பு ரிவெட், பித்தளை ஜிப். மருந்து அறைக்குள் போகிறவர் எதையெல்லாம் வெளியே விட்டுவர வேண்டுமோ, அதையெல்லாம் சேர்த்துத் தைத்த உடை அது. எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை உடையாகத்தான் வந்தது. அந்த வித்தியாசம் சின்னதில்லை என்று நினைக்கிறேன்.

*

வாரக்கடைசி உடை வேண்டுமென்றால் முதலில் வாரக்கடைசி வேண்டும். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. துணியும் விடுமுறையும் சந்திக்கிற ஊர் பம்பாய்.

பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய டோங்ரி பகுதியில் விற்ற முரட்டுப் பருத்தித் துணியை ஆங்கிலேயர் 'டங்கரி' என்றார்கள். மாலுமிகளும் கூலிகளும் போட்ட துணி. டெனிம் என்ற பெயர் பிரான்ஸின் நீம் நகரத்திலிருந்தும், ஜீன் என்ற பெயர் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்தும் வந்தவை. மூன்றும் துறைமுகமும் சந்தையும் தந்த பெயர்கள். டெனிமின் நெசவு எளிது. பாவு நூலுக்கு மட்டும் அவுரி நீலம், ஊடை நூல் வெள்ளை. நீலச்சாயம் நூலின் நடுவரை இறங்காது, மேலே வளையம்போல ஒட்டிக்கொள்ளும். உரசஉரச நீலம் உதிர்ந்து உள்ளேயிருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கும். முட்டி மடிகிற இடம், பர்ஸ் வைக்கிற இடம், உட்காருகிற இடம் எல்லாம் தனித்தனியாக வெளுக்கும். போட்டவர் உடம்பு என்ன வேலை செய்தது என்று துணியே கணக்கு எழுதிவைக்கும்.

அதே பம்பாயின் பஞ்சாலைகளில் 1880களில் தொழிலாளிக்கு வார விடுமுறை கிடையாது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய நாராயண் மேகாஜி லோகாண்டே அதைக் கேட்டுப் பல வருடம் மனு போட்டார், கூட்டம் கூட்டினார். 1890 ஜூனில் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருடம் தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இடம்பெற்றது. 'வீக்கெண்ட் லுக்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த முதல் சொல்லுக்காக ஆட்கள் பல வருடம் நடந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை சாயந்தரம்தான் வாரச் சம்பளம். சனி ராத்திரி சாத்தூர், சிவகாசி ஜவுளிக் கடைகளில் நின்று பார்த்தால் தெரியும், அடுத்த நாளுக்கு ஏன் அவ்வளவு மவுசு என்று. இரண்டு நாள் ஓய்வு என்பது என்னைப் போன்றவர்கள் நகரத்தில் கற்றுக்கொண்டது. ஊரில் ஒரே நாள்தான். ஒரு நாள் என்பதால் அன்றைக்குப் போடுகிற உடை கேஷுவலாக இருக்க முடியாது. அது இஸ்திரி போட்டிருக்க வேண்டும்.

*

வெம்பக்கோட்டை என்ற பெயரைச் செய்தியில் பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரலாம். ஒன்று பட்டாசு விபத்து. இன்னொன்று அகழாய்வு. வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில், 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. கண்ணாடி மணிகள், சங்கு வளையல் துண்டுகள், சூதுபவள மணிகள், தந்தப் பகடை என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கூடவே சுடுமண் தக்களிகள். நூல் நூற்கிற அந்தச் சின்ன வட்டுகளைப் பார்த்தால் ஒன்று புரியும். இந்தக் கரிசல் மண்ணுக்கு நூலும் துணியும் ரொம்பப் பழசு. புதிது எதுவென்றால் தையல். ஆண்களின் அன்றாட உடையில் தையல்.

வேட்டி, துண்டு இரண்டுமே தைக்காத உடை. காலனிக் காலத்தில் பள்ளிக்கூடம், கச்சேரி, ரயில்வே எல்லாம் வந்தபோது தையல் மேலிருந்துதான் உள்ளே வந்தது. முதலில் கோட்டு. ஆனால் இடுப்புக்குக் கீழே வேட்டி அப்படியே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தமிழ் வாத்தியார், வக்கீல், குமாஸ்தா படங்களைப் பாருங்கள். மேலே பொத்தான் போட்ட கோட்டு, தலையில் தலைப்பாகை, கீழே பஞ்சகச்சமோ வேட்டியோ. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை எட்டயபுரம். அங்கே பிறந்த பாரதியை நாம் கண்ணை மூடி நினைத்தால் வருகிற உருவம் என்ன? கறுப்புக் கோட்டு, கீழே வேட்டி.

ஜீன்ஸுக்கு மேல் பிளேசர் போடுவதன் இலக்கணமும் இதுதான். மேலே ஊருக்கு, கீழே நமக்கு. பார்க்கிறவன் கண் முதலில் விழுகிற இடத்தில் பதவியும் ஒழுங்கும். உட்கார, நடக்க, மடக்க வேண்டிய இடத்தில் உடம்புக்குப் பழகியது. 2020 ஊரடங்கில் இந்தியாவின் மென்பொருள் துறை மொத்தமும் இதைச் செய்தது. காமிரா தெரிகிற அளவுக்கு இஸ்திரி போட்ட சட்டை, அதற்குக் கீழே கைலி. சிரிப்பாக இருந்தாலும், பாட்டன் காலத்து ஏற்பாடு அது.

இந்த மேல் கீழ்ப் பிரிவையே மறுத்தவர்களும் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலுடையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். விருதுநகரில் பிறந்த காமராஜர் கதர்ச் சட்டையும் வேட்டியுமாகவே கட்சி அலுவலகத்திலும் இருந்தார், கோட்டையிலும் இருந்தார். அவருக்கு ஆபீஸ் உடை, வீட்டு உடை என்று இரண்டு இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் துணிச்சல் வராது. நமக்குப் பாதிப் பாதிதான்.

*

பாதிப் பாதிக்கு எப்போதும் வாசலில் ஒரு தடை இருந்திருக்கிறது.

1951இல் கனடாவின் வான்கூவரில், அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி வேட்டைக்குப் போய்விட்டு ஜீன்ஸுடன் ஒரு ஹோட்டலுக்குப் போனார். வரவேற்பில் இருந்தவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை, அறை இல்லை என்றார். பிறகுதான் தெரிந்து உள்ளே விட்டார்கள். செய்தி பரவியதும் லெவிஸ் நிறுவனம் அவருக்கென்றே டெனிம் துணியில் ஒரு விருந்துக் கோட்டு தைத்துக் கொடுத்தது. உள்பக்கத்தில், இதைப் போட்டவரை ஹோட்டல்காரர்கள் மரியாதையாக நடத்த வேண்டும் என்ற பொருளில் ஒரு வேடிக்கை அறிவிப்பு. உழைப்புத் துணி தையல் கோட்டாகிச் சபைக்குள் போன கதைகளில் மிகப் பிரபலமானது இது. பிறகு ஆண்டி வார்ஹோல் போன்றவர்கள் பிளேசர், டை, ஜீன்ஸ் என்று சேர்த்துப் போட்டு அதைக் கலைஞனின் சீருடையாக்கினார்கள். 1966இல் ஹவாயில் வெள்ளிக்கிழமைகளில் பூப்போட்ட சட்டையுடன் அலுவலகம் வரும் வழக்கம் பரவியது. 1992இல் லெவிஸ் நிறுவனமே அலுவலகக் கேஷுவல் உடைக்கு ஒரு கையேடு அச்சிட்டு அமெரிக்க நிறுவனங்களின் மனிதவளத் துறைகளுக்கு அனுப்பியது. நம்முடைய ஐடி அலுவலகங்களின் வெள்ளிக்கிழமை ஜீன்ஸ் அந்த வழியில் வந்ததுதான்.

சென்னையிலும் ஒரு வாசல் இருந்தது. 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டியில் போனார். உள்ளே விடவில்லை. சட்டமன்றத்தில் கொந்தளிப்பு. ஆகஸ்டிலேயே சட்டம் வந்தது: வேட்டியையோ மற்ற இந்திய மரபு உடையையோ காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். வேட்டி காப்பாற்றப்பட்டது. ஜீன்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அடுத்த வருடமே எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு தடை. 2015 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஓர் உத்தரவு, கோயிலுக்கு வரும் ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா அல்லது ஃபார்மல் பேண்ட் சட்டை என்றது. 2016 ஜனவரியில் பல கோயில் வாசல்களில் பலகை முளைத்தது. லுங்கி, பெர்முடாஸ், ஜீன்ஸ் ஒரே வரியில். சில வாரங்களிலேயே அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. இருந்தாலும் அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. மேலைநாட்டு நாகரிகம் என்று ஒரு கூட்டம் திட்டுகிற ஜீன்ஸும், ஆபீஸுக்கு லாயக்கில்லை என்று இன்னொரு கூட்டம் ஒதுக்குகிற லுங்கியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். இரண்டையும் விலக்கியது ஒரே காரணம்: உடம்பு தளர்ந்திருப்பது தெரிகிறது.

*

எங்கள் ஊர்களுக்கு ஜீன்ஸ் எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். வெளிநாட்டுப் பிராண்ட் கடை வழியாக வரவில்லை. தையல்காரர் வழியாக வந்தது.

அகமதாபாத்தின் அரவிந்த் மில்ஸ் 1931இல், சுதேசி அலையில் தொடங்கிய ஆலை. 1980இல் ஃபிளையிங் மெஷின் என்ற பெயரில் இந்திய ஜீன்ஸ் பிராண்டைக் கொண்டுவந்தது. அது நகரத்துக்கானது. 1995இல் அதே நிறுவனம் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒன்றை இறக்கியது. தைத்த ஜீன்ஸ் அல்ல, தைக்க வேண்டிய ஜீன்ஸ். ஒரு பொட்டலத்தில் டெனிம் துணி, ஜிப், ரிவெட், இடுப்பில் ஒட்டுகிற லேபிள். விலை 195 ரூபாய். வாங்கி உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான சிற்றூர்த் தையல்காரர்கள் இதில் சேர்ந்தார்கள். கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் 2002இல் ஸ்டூவர்ட் ஹார்ட்டுடன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை உதாரணமாகக் காட்டினார். 1998இல் ஷங்கரின் 'ஜீன்ஸ்' படம் வந்தபோது அந்தச் சொல்லுக்கு எங்கள் தெருவில் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

என் தாய்மாமா தையல்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பத்துக்கு எட்டு கடை, ஒரு காலால் மிதிக்கிற மிஷின். அந்தப் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் முகம் சுளிப்பார்.

"துணியா அது, தார்ப்பாயி. பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டாலும் இடுப்புப் பட்டி வரும்போது நின்னுரும். சக்கரத்தக் கையால சுத்தித்தான் ஏத்தணும் மாப்ள. ரிவெட்ட சுத்தியல வச்சு அடிக்கணும். அத அடிக்கும்போது மட்டும் பயலுக சுத்தி நின்னு பாப்பானுங்க."

மாமாவுக்குத் தெரிய வாய்ப்பில்லை, ரிவெட் அடித்த முதல் ஆளும் அவரைப் போலச் சின்ன ஊரில் கடை வைத்திருந்த தையல்காரர்தான். விறகு வெட்டுகிறவரின் மனைவி வந்து, புருஷனுக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று கேட்டதற்காக ஜேக்கப் டேவிஸ் குதிரைப் போர்வைக்கு அடிக்கிற ரிவெட்டை எடுத்து அடித்தார். நூற்றிருபது வருடம் சுற்றி அந்த ரிவெட் மறுபடி ஒரு தையல் கடைக்கே வந்து சேர்ந்தது.

ஜீன்ஸோடு எதைச் சேர்த்துப் போடுவது என்ற பாடத்தை நான் படித்தது மாமாவிடம்தான். அவர் கணக்கு எளிமையானது. ஜீன்ஸுக்குத் தைக்கிற சட்டையை ஒன்றரை இஞ்ச் குட்டையாக வெட்டுவார். "இவனுங்க இன் பண்ண மாட்டானுங்க. நீளமாத் தச்சா ஜிப்பாவாட்டம் தொங்கும்." சட்டையின் அடி வளைவைக் குறைத்து நேராக்குவார். கீழே துணி முரடு என்பதால் மேலே வழவழப்பான துணி எடுத்து வந்தால் திருப்பி அனுப்புவார். இன்றைய காணொளிகள் பிளேசருக்குச் சொல்கிற விதியும் இதேதான்: பளபளக்கிற சூட் துணி டெனிமோடு ஒட்டாது, சொரசொரப்பான பருத்தியோ கம்பளியோ ஒட்டும், தோளில் திண்டு குறைவாக, நீளம் கொஞ்சம் கம்மியாக இருக்கட்டும்.

பிளேசரும் எங்களுக்குத் தனி வழியில் வந்தது. கல்யாண ரிசப்ஷன். கரிசக்காட்டு வெயிலில் ஒரு சாயந்தரம் மட்டும் போட என்று கோட்டு சூட்டு தைப்பார்கள். இரண்டு வருடத்தில் பேண்ட் இடுப்பில் ஏறாது. கோட்டு மட்டும் மிஞ்சும். மச்சான் கல்யாணத்துக்கு அதை ஜீன்ஸுக்கு மேல் மாட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் பக்கத்தில் ஜீன்ஸ் பிளேசர் கூட்டணியை உருவாக்கியது எந்த டிசைனரும் இல்லை, தொப்பைதான்.

*

ஆனால் இந்தக் கதையில் துணி போகிற திசையைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் உடை கீழிருந்து மேலே ஏறியது. விறகுவெட்டியின் கால்சட்டை, சுரங்கத் தொழிலாளியின் கால்சட்டை, பிறகு மாணவர், கலைஞர், கடைசியில் நிறுவன முதலாளி. உழைத்த தடயம் விலை ஏற்றியது. இன்று புது ஜீன்ஸையே கல்லால், மணலால், ரசாயனத்தால் தேய்த்து, முட்டியில் வெளுத்து விற்கிறார்கள். உழைக்காமலே உழைத்த தோற்றம்.

எங்கள் ஊரில் உடை மேலிருந்து கீழே இறங்குகிறது. தீபாவளிக்குப் போனஸ் வந்ததும் தைத்த சட்டை முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. கழுத்துப்பட்டி நைந்ததும் அன்றாடச் சட்டை. அதற்குப் பிறகு அது வீட்டுப் பெண்களிடம் போகும். பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். முந்தானை பறக்காது, மருந்து தோலில் படாது. அதுவும் தையல் ஆணுடையும் பழகிய உடையும் சேர்ந்த ஜோடிதான். மேலே வேலைக்கு, கீழே நமக்கு. அதை யாரும் 'லுக்' என்று சொல்வதில்லை.

அத்தை இருபது வருடத்துக்கு மேல் அப்படி வேலைக்குப் போனவர். மாமா தைத்த சட்டைகள்தான் கடைசியில் அவர் மேல் ஏறும். போடுவதற்கு முன்னால் வாசற்படியில் உட்கார்ந்து, பிளேடால் நெஞ்சுப் பையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிடுவார். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"பாக்கெட்டுனு ஒண்ணு இருந்தா கை எதையாச்சும் அதுல போட்டுரும்யா. சில்லறை, ஊக்கு, மாமா வச்ச தீப்பெட்டி. உள்ள போன பெறகு ஞாபகம் வந்து என்ன பண்ண?"

1875ஆம் வருடச் சட்டம் சொன்ன காரணமும் அதுவே. அத்தை அதைப் படித்ததில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இந்த விபத்துகளுக்கெல்லாம் காரணம் சட்டைப்பை இல்லை. அளவுக்கு மீறிய மருந்து, ஆள் நெருக்கம், உள்குத்தகை, அவசரம் என்று காரணங்கள் வேறு, அவை பெரியவை, தொழிலாளியின் கையில் இல்லாதவை. தொழிலாளியின் கையில் இருந்தது அந்தப் பிளேடு மட்டும்தான்.

இப்போது அத்தை வேலைக்குப் போவதில்லை. அந்தச் சட்டைகளில் ஒன்று வீட்டுக் கொடியில் இன்னும் கிடக்கிறது, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள. வெளிர்நீலமாக இருந்து கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது. இடது நெஞ்சில் மட்டும், பை இருந்த இடத்தில், துணி வாங்கிய நாளின் நீலம் ஒரு சதுரமாக அப்படியே நிற்கிறது.